சத்து மாத்திரை எதைச் சரிசெய்யும்?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர் கூடினால், பேச்சு சீக்கிரமே மாத்திரைப் பக்கம் திரும்பிவிடும். ஒமேகா-3, பி6 கலந்த மெக்னீசியம், புரோபயாட்டிக், வைட்டமின் டி. "கொடுக்க ஆரம்பிச்ச மூணாவது வாரமே முகத்தைப் பார்த்துப் பேசறான்" என்று யாராவது சொல்வார்கள். அவர் பொய் சொல்லவில்லை. மாற்றம் நிஜமாகவே தெரிந்திருக்கும். அதைக் கொண்டுவந்தது மாத்திரைதானா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் ஒரு ஹார்மோன் ஊசியிலிருந்து கிடைத்தது. 1998இல் அமெரிக்காவில், குடல் பரிசோதனையின்போது செக்ரெடின் என்ற ஹார்மோன் செலுத்தப்பட்ட மூன்று பிள்ளைகளிடம் பேச்சும் பழக்கமும் மேம்பட்டதாக ஓர் அறிக்கை வெளியானது. பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலைந்தார்கள். அடுத்த ஆண்டே ஒரு சோதனை நடந்தது. பாதிப் பிள்ளைகளுக்குச் செக்ரெடின், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது பெற்றோருக்குத் தெரியாது. முடிவில் இரு தரப்புக்கும் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. உப்புநீர் ஏறிய பிள்ளைகளிலும் சிலர் தேறியிருந்தார்கள். இதை எடுத்துச் சொன்ன பிறகும், 69 சதவீதப் பெற்றோர் செக்ரெடினில் ஆர்வம் குறையவில்லை என்றார்கள்.

உப்புநீரில் எப்படித் தேறுவார்கள்? பிள்ளை வளர்கிறது; ஸ்பீச் தெரபியும் கூடவே நடக்கிறது. தவிர, நாம் புதிதாக ஒன்றைத் தேடிப் போவது நிலைமை மிக மோசமாக இருக்கும் வாரத்தில். அந்த வாரம் எப்படியும் கடந்துபோகும், பெயர் மாத்திரைக்குப் போய்விடும். எத்தனை முறை அடம்பிடித்தான் என்று படிவத்தில் குறிப்பதும் காசு கொடுத்து நம்பிக்கையோடு காத்திருப்பவர்தான்.

ஒமேகா-3 கதையும் இதுதான். 2011இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வர்கள் தேடியபோது தேறிய சோதனைகள் இரண்டு. அவற்றில் மொத்தம் 37 பிள்ளைகள். பலன் உண்டு என்று சொல்ல அது போதவில்லை. பி6 இன்னும் பழையது. 1970களிலேயே உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் அதை முன்வைத்தார். பின்னால் வந்த சோதனைகள் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பி6 அளவு மீறினால் என்ன ஆகும் என்பது தெரியும். தினமும் கிராம் கணக்கில் விழுங்கிய பெரியவர்களுக்குக் கை கால் உணர்வு மங்கி நடையே தள்ளாடியதை 1983இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 'வைட்டமின்தானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும்' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அப்படியானால் சப்ளிமென்டே வேண்டாமா? வேண்டிய இடம் உண்டு. அது மாத்திரைப் பட்டியலில் இல்லை, பிள்ளையின் தட்டில் இருக்கிறது. வெள்ளைச் சோறு, தயிர், ஒரே கம்பெனி பிஸ்கட் என்று மாதக்கணக்கில் ஓட்டும் பிள்ளைகள் உண்டு. பழம், காய் வாயருகே போகாது. ஒருநாள் பிள்ளை நொண்டும், பிறகு நடக்கவே மறுக்கும், ஈறில் ரத்தம் கசியும். எலும்பு நோயா, ரத்தப் புற்றா என்று ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி என்று கண்டுபிடித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை கடிக்கும், தலையை முட்டிக்கொள்ளும். சத்தைக் கொடுத்தால் வலி போகும், முட்டுவதும் குறையும். பெற்றோர் கண்ணுக்கு அது 'ஆட்டிசம் குறைந்தது' என்று படும். குறைந்தது ஸ்கர்வி. இரும்புச்சத்துக் குறைவும் இப்படித்தான் இரவில் புரளவைத்து, பகலில் எரிச்சலாக வெளிப்படும்.

ஆகவே கடைக்குப் போகுமுன், ஒரு வாரம் பிள்ளை உண்மையில் என்ன சாப்பிட்டது என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எந்த ரத்தப் பரிசோதனை தேவை என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். குறை எதுவும் இல்லாமலும் முயன்று பார்க்க விரும்பினால், டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், நிறுத்தும் தேதியையும் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். மாத்திரை கொடுப்பது தெரியாத வகுப்பு டீச்சரிடம் வாரா வாரம் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ஒரே வைட்டமின் மூன்று டப்பாவிலும் இருக்கலாம், கூட்டிப் பார்த்தால்தான் அளவு தெரியும்.