இடுப்பு ஆபரேஷன் முடிந்ததும் மூச்சுத்திணறல்: யாருக்கு ஆபத்து? முன்கூட்டியே கணிக்க 'மார்க்'

கடலூர்:
பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் சளி கட்டி, மூச்சுத்திணறி ஐ.சி.யூ.வுக்குப் போனார். வயதானவர்கள் உள்ள வீடுகளில் கேள்விப்படும் கதைதான். "டாக்டர் ஏதோ தப்பு பண்ணிட்டார்" என்று சொந்தக்காரர்கள் கொதிப்பார்கள்.

ஆனால் கோளாறு பெரும்பாலும் ஆபரேஷனில் இல்லை. மல்லாந்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது. வலியில் இருமவும் முடியாது. சளி தேங்கி நிமோனியா ஆகிவிடும்.

இதைக் கணிக்க 'அரிஸ்கேட்' என்று ஒரு மார்க் கணக்கு உண்டு. ஸ்பெயின் நாட்டு கத்தலோனியாவில் 59 ஆஸ்பத்திரிகளின் 2,464 நோயாளிகளைப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். இடுப்புக்கு மட்டுமல்ல, பல வகை ஆபரேஷனுக்கும் பொது. வயது 80-ஐ தாண்டினால் 16 மார்க். கொரோனா காலத்தில் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கருவியில் ஆக்சிஜன் 90 அல்லது அதற்கும் கீழே என்றால் 24. ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு சளித்தொற்று வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 17. ஹீமோகுளோபின் 10-க்கு மேல் இல்லாவிட்டால் 11. அவசர ஆபரேஷனுக்கு 8. பரீட்சைக்கு நேர் எதிர்: மார்க் 45-ஐ தொட்டால் ஆபத்து அதிகம்.

82 வயது பாட்டி, போன வாரம் சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக், ரத்தசோகை வேறு. அவசர ஆபரேஷன் என்றால் தியேட்டருக்குள் நுழையும் முன்பே 52 மார்க்!

பீடி, விறகடுப்புப் புகைக்கு இதில் மார்க் இல்லை. ஆனாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். "அப்படி ஒண்ணும் பழக்கம் இல்லீங்க" என்று மகன் மறைப்பதுதான் வம்பு.

நாள் கடத்துவது இன்னொரு வம்பு. இந்தியா உள்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தாலும் 24 மணி நேரத்தில் செய்தாலும் சாவு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, அடித்துப் பிடித்து ஓட வேண்டியதில்லை. அதற்காக புத்தூர் கட்டு, எண்ணெய் என்று ஒரு வாரம் படுக்கப் போட்டால் நுரையீரல் தாங்காது. கடலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் இப்போது அரசு ஆஸ்பத்திரிதான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே உட்கார வைக்க நர்ஸ் வந்தால், "பாவம், வலிக்குது, விடுங்க" என்று தடுக்கக் கூடாது. மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவி கொடுத்தால் பலர் பலூன் மாதிரி ஊதுகிறார்கள். அதை ஊதக் கூடாது, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும்.