மதவாச்சியில் பிரியும் பாதை

கடலையும் பழைய கோட்டையையும் திராட்சைப் பந்தலையும் ஒரே பிரயாணத்தில் காண விழைவோர் யாழ்ப்பாணம் செல்கின்றனர். கொட்டகலையிலிருந்து மாணவரை அழைத்துக்கொண்டு நானும் மும்முறை சென்றேன். கசூரினா கடற்கரையில் அவர்கள் அடைந்த களிப்பும், வலிகாமத்துச் செம்மண்ணில் திராட்சைக் குலைகளை அண்ணாந்து நோக்கிய வியப்பும் குறை கூறத்தக்கன அல்ல. ஆயினும் மும்முறையும் மதவாச்சியைக் கடந்தேன். அங்கே மன்னாருக்குப் பிரியும் பாதையை நான் நினைக்கவுமில்லை. அது என் பிழை.

நான்காம் முறை அப்பாதையிற் சென்றோம். போர்த்துக்கீசர் 1560இல் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மன்னார்க் கோட்டையைக் கண்டபின், தீவின் மறுமுனையாகிய தலைமன்னாரை அடைந்தோம். கடலுக்குள் நீண்டு சிதைந்து கிடக்கிறது பழைய இறங்குதுறை.

கோப்பித் தோட்டங்களுக்கென வந்த நம் முன்னோர் இம்மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர்; நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்குச் சென்ற கப்பலில், 1984இல் அது நிற்கும் வரை, பல்லாயிரவர் ஏறினர். அவர்களை மலைநாட்டிலிருந்து கொண்டுவந்த புகையிரதத்துக்கு நம்மவர் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’.

“சேர், எங்க அம்மாயியோட தங்கச்சி கப்பல் ஏறுனது இங்கதானா?” என்று ஒரு மாணவி வினவினாள். “ஆமாம்” என்றேன். அவள் நெடுநேரம் கடலையே நோக்கி நின்றாள்.

மகிழ்வதற்கென்று புறப்பட்ட பிள்ளைகளுக்குத் துயரத்தைக் காட்டலாமோ என்று ஆசிரிய நண்பர் சிலர் கேட்கின்றனர். அத்துயரம் அவர்தம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது; அதற்குரிய இடத்தைத்தான் அவர்கள் கண்டதில்லை. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே வந்தனர். நடக்கவேண்டுமென்று நான் கேட்கவில்லை. வடக்கே செல்லும் மலையகப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு பகற்பொழுதை அத்துறைக்கு ஒதுக்கட்டும். புறப்படுமுன், வீட்டிலுள்ள முதியோரிடம் போனவர் பெயர்களைக் கேட்டுவருமாறு மாணவரைப் பணிப்போம். திராட்சைத் தோட்டத்தை மறுநாள் காணலாம். அப்பெயர்களை அறிந்த முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.