மூலப்படியைக் கேட்டு வாங்குங்கள்

காரின் மென்பொருளைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மூலம், படி, பாடபேதம், இடைச்செருகல் ஆகியவை பற்றிய கவலை தமிழில் நமக்கு நன்கு பழகிய கவலை. அதே கவலை இப்போது ஸ்டீயரிங்கின் அடியில் இருக்கும் 16 முனைச் செருகுவாயில் வழியாக நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

கொல்லிமலையின் அடிவாரம் நாமக்கல் மாவட்டம். வண்டியை மாற்றியமைப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. நாமக்கல் பட்டறைகளில் வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் லாரிக்கு உடல் கட்டி அனுப்புகிறார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை உருவாக்குகிறார்கள். அங்கே செய்யப்படும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். எந்தப் பலகை கூடுதல், எந்த இரும்புப் பட்டை பிற்பாடு பற்றவைத்தது என்பதை அனுபவமுள்ள ஒரு மேஸ்திரி தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். மென்பொருளில் செய்யப்படும் மாற்றத்துக்கு இந்த நேர்மை கிடையாது. வெளியே அதே கார், அதே நிறம், அதே இன்ஜின் எண். உள்ளே வேறொரு வண்டி.

மாற்றங்கள் பொதுவாக இரு வகை. முதல் வகையைக் கோடிங் என்கிறார்கள். கதவு தானாகப் பூட்டிக்கொள்வது, விளக்குகள் எரியும் விதம், எச்சரிக்கை ஒலிகள் போன்றவை இதில் அடங்கும். நிறுவனம் ஏற்கெனவே எழுதிவைத்த தெரிவுகளில் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைத் தேர்வதுதான் இது. மாற்றுவதற்கு முன் பழைய மதிப்பைக் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். இரண்டாவது வகை ரீமேப்பிங். எந்தச் சுழற்சி வேகத்தில் எவ்வளவு எரிபொருள், டர்போவுக்கு எவ்வளவு அழுத்தம், எந்த அளவுக்கு மேல் புகை கூடாது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அட்டவணைகள் இ.சி.யூ. என்னும் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினிக்குள் இருக்கின்றன. இந்த அட்டவணைகளையே திருத்தி எழுதுவதுதான் ரீமேப்பிங். முதலாவது எழுத்துப்பிழைத் திருத்தம் என்றால் இரண்டாவது உரைநடையையே மாற்றுவது.

சமவெளியில் இந்தத் திருத்தம் இனிமையாகவே இருக்கும். கொல்லிமலைச் சாலையில்தான் அதன் குணம் வெளிப்படும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதை ஈடுசெய்ய டர்போ கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்றின் குளிர்ச்சியும் கிடையாது. தொழிற்சாலையில் எழுதிய அட்டவணைகளில் உயரத்துக்கும் வெப்பத்துக்கும் இடம் விட்டுத்தான் வரம்பு வைத்திருப்பார்கள். திறன் கூட்டித் தருபவர் பெரும்பாலும் கைவைப்பது அந்த வரம்பில்தான். இறங்கும்போது பிரச்சினை வேறு. வளைவுக்கு வளைவு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இன்ஜினின் பிடிப்பிலேயே வண்டியை இறக்க வேண்டிய மலை இது. பெட்ரோல் கார்களில் காலை எடுக்கும்போது படபடவென வெடியொலி எழுவதற்காக, நிற்க வேண்டிய எரிபொருளை நிற்காமல் செலுத்தும்படி எழுதித் தருகிறார்கள். அந்த ஒலியின் விலையைப் புகைப்போக்கியிலுள்ள வினையூக்கி மாற்றி வெப்பமாகச் செலுத்துகிறது.

மலையிலேயே வாழ்பவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கல்ல. மிளகும் அன்னாசியும் வாழையும் ஏற்றிக்கொண்டு அதே வளைவுகளில் இறங்கும் வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மூன்றாம் கையாக வாங்கப்பட்டிருக்கலாம். முன்னால் வைத்திருந்தவர் உள்ளே என்ன எழுதிவைத்தார் என்று வாங்கியவருக்குத் தெரிய வழியில்லை. மூலத்துக்குத் திரும்புவது என்பது இங்கே உயிர் சார்ந்த கேள்வி.

திரும்புவதற்குத் தேவை காப்புப்படி. அதாவது மாற்றுவதற்கு முன் உள்ளே இருந்ததை இருந்தபடியே எடுத்துவைத்த நகல். 'எடுத்துவிட்டோம்' என்று கடைக்காரர் சொன்னால் அத்துடன் திருப்தி அடைந்துவிடக் கூடாது என்பதே என் தரப்பு. மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, சில கணினிகள் எழுத விடுமே தவிர வாசிக்க விடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சில கருவிகள் வண்டியின் மென்பொருள் எண்ணை மட்டும் படித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள பொதுவான கோப்பொன்றைத் தங்கள் சேமிப்பிலிருந்து இறக்கித் தருகின்றன. அது உங்கள் வண்டியிலிருந்து எடுத்த படி அல்ல. அதே தலைப்பில் அச்சான வேறொரு பிரதி.

இரண்டு, ஒரே மாதிரியான இரு கார்களும் உள்ளே ஒன்றல்ல. இன்றைய பல டீசல் இன்ஜின்களில் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் அதன் நுண்ணிய வேறுபாட்டைக் குறிக்கும் தனிக் குறியீடு உண்டு. அது கணினிக்குள் பதிவாகியிருக்கும். சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்புத் தகவலும் அப்படியே. நண்பரின் காரிலிருந்து கடன் வாங்கிய கோப்பு இவற்றையெல்லாம் தராது.

மூன்று, மூலமும் காலத்தில் நகர்கிறது. சர்வீஸ் நிலையத்தில் நிறுவனம் புதிய பதிப்பை ஏற்றிவிட்டால், அதற்கு முன் எடுத்த உங்கள் காப்புப்படி பழைய பதிப்பாகிவிடுகிறது. தேதியும் பதிப்பு எண்ணும் குறிக்கப்படாத காப்புப்படி பாதிப் படிதான். காற்று மோதினாலும், இடியுடன் மழை கொட்டினாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் உருக்கெடாதது கொல்லிப்பாவை என்கிறது பரணரின் நற்றிணைப் பாடல் ஒன்று. மென்பொருளுக்கு அந்த வரம் கிடையாது. திரும்ப எழுதும்போது பேட்டரியின் மின்னழுத்தம் பாதியில் தாழ்ந்தாலே கணினி செயலற்றுப்போகலாம். நல்ல கடைகள் அந்த நேரத்தில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பது இதற்காகவே.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். பாட்டுப்பெட்டித் திரையில் தெரியும் 'ஃபேக்டரி ரீசெட்' என்பது இன்ஜினை ஆலை நிலைக்குக் கொண்டுபோவதல்ல. பெரும்பாலும் அது உங்கள் தொலைபேசிப் பட்டியலையும் ஒலி அமைப்பையும்தான் அழிக்கிறது. இன்ஜின் அட்டவணைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பேட்டரி முனையைக் கழற்றி மாட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. வண்டி ஓடிக் கற்றுக்கொண்ட சில மதிப்புகள் வேண்டுமானால் போகலாம். எழுதப்பட்டது போகாது.

இனி நம்மைச் சங்கடப்படுத்தும் பகுதி. காப்புப்படி எடுப்பவர்களில் ஒரு சாரார் திரும்புவதற்காக எடுப்பதில்லை, ஒளிப்பதற்காக எடுக்கிறார்கள். சர்வீஸுக்கு விடும் முன் மூலத்தை ஏற்றுவது, வெளியே வந்ததும் திருத்தியதை மீண்டும் ஏற்றுவது என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இதைச் சாமர்த்தியம் என்று கொண்டாடுபவர்கள் 2015 செப்டம்பரை நினைத்துப் பார்க்கலாம். ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் சோதனைச் சாலையை அடையாளம் கண்டு அங்கே மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது அப்போதுதான் அமெரிக்காவில் அம்பலமானது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவில் மட்டும் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. ஆலையிலிருந்து வந்தது என்பதாலேயே மூலம் தூய்மையானதாகிவிடாது என்பது அதில் ஒரு பாடம். சோதனைக்கு ஒரு முகமும் சாலைக்கு ஒரு முகமும் காட்டுவதை நிறுவனம் செய்தால் மோசடி என்கிறோம். உரிமையாளர் செய்தால் அதற்கு வேறு பெயர் உண்டா?

சட்டம் கடுமையானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனம் குறிப்பிட்ட மூல விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதத்துக்கோ ஆறு மாதம் வரை சிறைக்கோ வழி செய்தது. ஆனால் மூலத்துக்கு உண்மையாக இரு என்று உரிமையாளரிடம் சொல்லும் சட்டம், அந்த மூலத்தின் ஒரு படியை அவருக்குக் கொடு என்று நிறுவனத்திடம் சொல்லவில்லை. 2022இல் மத்திய நுகர்வோர் துறை பழுது நீக்கும் உரிமை பற்றிக் குழு அமைத்து, அது தொடர்பான இணையதளத்தையும் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. வாங்கிய வண்டியின் மென்பொருள் எந்தப் பதிப்பு, அது மாறாமல் இருக்கிறதா என்று உரிமையாளர் தாமே சரிபார்க்கவும், நியாயமான கட்டணத்தில் எங்கேயும் மூலத்துக்குத் திரும்பவும் வழி வேண்டும் என்பதை அந்த உரிமையின் பகுதியாகவே கேட்க வேண்டும். மென்பொருள் எங்கள் அறிவுச்சொத்து என்று நிறுவனங்கள் சொல்வது நியாயமே. நூலின் பதிப்புரிமை ஆசிரியருக்கு என்பதால், காசு கொடுத்து வாங்கிய பிரதியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று வாசகர் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

அது வரும்வரை நம் கையில் இருப்பது ஒழுக்கம் மட்டுமே. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது கிடைக்காத பாடல்களையும் சிதைந்த அடிகளையும் தாமே எழுதி நிரப்பிவிடவில்லை. இன்றும் 267, 268ஆம் பாடல்களின் இடம் வெறுமையாகவே இருக்கிறது. வேறுபடும் பாடங்களைக் குறிப்பாகத் தந்தார். எங்கே கைபட்டது, எங்கே படவில்லை என்று அடுத்து வருபவர் அறிய வேண்டும் என்ற பொறுப்பு அது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றிய வன்பரணரின் பாடல்களை நாம் நம்பி வாசிப்பது இந்தப் பொறுப்பினால்தான்.

காரை மாற்றுபவரிடமும் அதையே கேட்கலாம். கடைக்காரரிடமிருந்து மூலப்படியைக் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். அது உங்கள் வண்டியிலிருந்தே வாசித்ததா என்று கேளுங்கள். பதிப்பு எண், தேதி, எதை எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்பதை எழுதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்துடன் வையுங்கள். விற்கும்போது வண்டியை மூலத்துக்குத் திருப்பி, அந்தக் காகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள். அடுத்து அந்தச் சாவியை வாங்குபவர் அந்த 70 வளைவுகளில் இறங்க வேண்டியவராகவும் இருக்கலாம்.