ரான்ச் மீது ஏன் இத்தனை கோபம்?

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் கேன் ரோசோ என்றொரு பீட்சா கடை. நேப்பிள்ஸ் முறைப்படி விறகடுப்பில் சுட்டுத் தருகிறார்கள். அங்கே பீட்சாவுக்குத் தொட்டுக்கொள்ள ரான்ச் டிரெஸ்ஸிங் வேண்டுமென்றால் விலை 1,000 டாலர் என்று எழுதி வைத்தார்கள். கேலிதான். ஆனாலும் வாடிக்கையாளர்கள் ஓயாமல் கேட்டிராவிட்டால் கடைக்காரருக்கு இந்தக் குசும்பு தோன்றியிருக்காது.

மயோனைஸும் கெட்டி மோரும் கலந்து, பூண்டு, வெங்காயம், மிளகு, பார்ஸ்லி, டில் இலை சேர்த்தால் ரான்ச். சாலட்டுக்காகப் பிறந்த இந்த வெள்ளைக் குழம்பு இன்று கேரட் துண்டு, வறுத்த கோழி, உருளை வறுவல் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. விரும்புகிறவர்கள் கிண்ணம் கிண்ணமாகக் காலி செய்கிறார்கள். பிடிக்காதவர்களுக்கோ அதன் வாடையே ஆகாது.

இதை உருவாக்கியவர் பெரிய சமையல்காரர் அல்ல. ஸ்டீவ் ஹென்சன், அலாஸ்காவில் குழாய் வேலை ஒப்பந்தம் எடுத்தவர். கூட வேலை செய்தவர்களுக்குச் சமைத்துப் போட்டபோது கைக்கு வந்த கலவை இது. 1954-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவுக்கு மேலே உள்ள மலையில் ஒரு பண்ணை வாங்கி, ‘ஹிடன் வேலி ரான்ச்’ என்று பெயர் வைத்தார். பண்ணை விடுதி பெரிதாக ஓடவில்லை. தங்க வந்தவர்கள் டிரெஸ்ஸிங்கைத்தான் கேட்டு வாங்கிப் போனார்கள். பிறகு பொடியைப் பொட்டலம் கட்டித் தபாலில் விற்றார். வீட்டில் மயோனைஸும் மோரும் ஊற்றிக் கலக்கி, கொஞ்ச நேரம் குளிரவிட்டால் இறுகிவிடும்.

1972-இல் துணி வெளுக்கும் திரவத்துக்குப் பேர்போன க்ளோராக்ஸ் கம்பெனி 80 லட்சம் டாலர் கொடுத்து இதை வாங்கியது. எல்லா வீட்டிலும் மோர் இருக்காது என்று சாதாரணப் பாலிலேயே கலக்கும்படி பொடியை மாற்றியது. 1983-இல் திறக்கும்வரை குளிர்பெட்டியே தேவைப்படாத புட்டி வந்தது. மூன்றே ஆண்டில் டோரிட்டோஸ் சிப்ஸில் ‘கூல் ரான்ச்’ சுவை. 1992-இல் இத்தாலியன் டிரெஸ்ஸிங்கைப் பின்னுக்குத் தள்ளி, அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரெஸ்ஸிங் ஆகிவிட்டது ரான்ச்.

சண்டையின் முடிச்சு இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. அன்றன்று மோர் ஊற்றிக் கலக்கியதில் புளிப்பு முன்னே நிற்கும்; கீரை வாசம் தெரியும். அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் புட்டியில் எண்ணெயும் உப்பும் மோனோசோடியம் குளூட்டமேட்டும்தான் முதலில் நாக்கில் படும். இரண்டுக்கும் ஒரே பெயர். புட்டியை மட்டும் ருசித்துவிட்டு ரான்ச்சே மோசம் என்பவர்களின் தீர்ப்பு பாதித் தீர்ப்பு.

மீதியில் கொஞ்சம் மேட்டிமையும் உண்டு. பூண்டு கலந்த மயோனைஸுக்கு ‘அயோலி’ என்று பிரெஞ்சுக்காரப் பெயர் சூட்டி உயர்தர உணவகங்கள் பரிமாறுகின்றன. யாரும் முகம் சுளிப்பதில்லை. குழாய்க்காரர் கலக்கியதற்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. பச்சைக் காய்கறி என்றாலே ஓடும் பிள்ளைகள் ப்ரோக்கோலியை இதில் முக்கித் தின்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களிடம் போய் ரசனை வகுப்பு எடுக்க முடியுமா?

எதிர்ப்பாளர்கள் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொழுப்பும் புளிப்பும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் கீழே என்ன இருந்தாலும் ருசிக்கும். சோடை போன தக்காளியும் காய்ந்த கோழியும் அதன் தயவில் தப்பித்துவிடுகின்றன. உணவகங்களுக்கு வசதிதான், சாப்பிடுகிறவருக்கு நஷ்டம்.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ ஊர்க்காரர்களின் கோபம் வேறு ரகம். கோழி இறக்கையைக் காரமான வெண்ணெய்க் குழம்பில் புரட்டித் தரும் வழக்கம் 1964-இல் அங்குள்ள ஆங்கர் பாரில் தொடங்கியது. பக்கத்தில் செலரித் தண்டும் ப்ளூ சீஸ் டிரெஸ்ஸிங்கும் வைப்பார்கள். மற்ற ஊர்களில் ப்ளூ சீஸ் இருந்த இடத்தில் ரான்ச் வந்து உட்கார்ந்துகொண்டது. பஃபலோவில் அதைக் கேட்டால் இன்றும் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். அந்தக் காரத்துக்கு ப்ளூ சீஸின் நெடிதான் சரியான ஜோடி. ரான்ச் அங்கே கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.