கேளாத விபரங்களையும் கொடுத்தனுப்பும் இணையச் சேவைகள்

முந்தல் பிரதேச செயலகத்தின் படிவங்களை நிரப்புவோர் பலதரப்பட்டவர்கள். உடப்பிலும் ஆண்டிமுனையிலும் கடற்றொழில் புரியும் தமிழர்களும், மதுரங்குளியைச் சூழவுள்ள ஊர்களின் முஸ்லிம்களும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்த குடும்பங்களின் வழிவந்தோரும், சிங்கள மக்களும் ஒரே அலுவலகத்தின் வாசலிலேயே வரிசையில் நிற்கின்றனர். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், இனம், மதம், தற்போதைய முகவரி, முன்னைய முகவரி, வருமானம், வங்கிக் கணக்கு என்று அரச அலுவலகங்களில் இவர்கள் எழுதிக் கொடுத்த விபரங்கள் அண்மைக்காலம் வரை கோப்புகளிலேயே கிடந்தன. அவற்றைக் களவாட விரும்புபவர் அலுமாரியைத் திறந்தாக வேண்டும். இன்று அவ்விபரங்கள் தரவுத்தளங்களுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. 2022 இல் எரிபொருளுக்கான கியூ.ஆர். முறை வந்தது, 2023 இல் அஸ்வெசும வந்தது, இந்திய நிதியுதவியுடனான டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் இவ்வரிசையில் சேர்ந்துள்ளது.

இம்மாற்றத்தை நாம் எதிர்க்கவில்லை. ஒரு கையொப்பத்துக்காகக் கூலி நாளொன்றை இழந்து பஸ்ஸேறும் மக்களுக்கு இது பெரும் நிவாரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், இச்சேவைகள் எவற்றைப் பெற்றுக்கொள்கின்றன என்பதைப் பற்றி நடைபெறும் விவாதத்தில் நூறில் ஒரு பங்குகூட, அவை எவற்றைத் திருப்பிக் கொடுக்கின்றன என்பதைப் பற்றி நடைபெறுவதில்லை. தவறு பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றது.

கைத்தொலைபேசிச் செயலியொன்றில் நாம் பொத்தானை அழுத்தும்போது, அது தொலைவிலுள்ள சேவையகத்திடம் ஒரு கேள்வியை அனுப்புகின்றது. சேவையகம் பதிலனுப்புகின்றது. இந்தக் கேள்வி பதிலுக்கான வாயிலையே ஏ.பி.ஐ. என்கின்றனர். தரவுத்தளத்திலுள்ள பதிவை அனுப்பத்தக்க எழுத்து வடிவில் அடுக்கும் வேலைக்கு சீரியலைசேஷன் என்று பெயர். இன்றைய மென்பொருட் கருவிகள் பலவற்றில், பதிவிலுள்ள அனைத்தையும் அனுப்புமாறு ஒரே வரியில் கட்டளையிட்டுவிடலாம். தேவையானவற்றை மட்டும் பெயர் குறித்து அனுப்புவதற்கு இன்னும் சில வரிகள் எழுத வேண்டும். அவசரத்திலுள்ள நிரலாளர் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றார். திரையில் இரண்டு விபரங்களே தெரிவதால் இரண்டே வந்துள்ளன என்று அலுவலரும் நம்புகின்றார், பொதுமகனும் நம்புகின்றான். உண்மையில் இருபதும் வந்து தொலைபேசிக்குள் இறங்கிவிட்டன. அவற்றை வாசிப்பதற்கு பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. சாதாரண உலாவியோடு வரும் கருவிகளைத் திறந்து பார்க்கத் தெரிந்த பாடசாலை மாணவன் போதும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து கொள்வோம். படகின் பதிவிலக்கத்தைக் கொடுத்தால் அதன் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகுமா என்று சொல்லும் சேவையொன்று இருக்கின்றது. மீன் வாங்க வரும் வியாபாரிக்கு அவ்வளவுதான் தேவை. ஆனால் அதே பதிவில் உரிமையாளரின் அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் இருக்கின்றன. சேவை தொடங்கிய நாளில் யாரோ ஒருவர் கவனமாக அவ்விரண்டையும் அனுப்ப வேண்டாம் என்று விலக்கியும் வைத்திருக்கலாம். இரண்டாண்டுகள் கழித்து எரிபொருள் மானியத்துக்காக அப்பதிவில் வங்கிக் கணக்கு இலக்கம் சேர்க்கப்படுகின்றது. வேறொரு கணக்கெடுப்புக்காக மதம் சேர்க்கப்படுகின்றது. பழைய சேவையின் நிரலை எவரும் தொடவில்லை. ஆயினும் அது அன்றிரவு முதல் கணக்கிலக்கத்தையும் மதத்தையும் கேட்போருக்கெல்லாம் அனுப்பத் தொடங்கிவிடும். விலக்க வேண்டியவற்றின் பட்டியலில் அவை இல்லையல்லவா?

கிராம உத்தியோகத்தரிடம் ஒருவர் வந்து, இன்னார் இப்பிரிவில் வசிக்கின்றாரா என்று கேட்டால் அவர் ஆம் அல்லது இல்லை என்பார். இடாப்பையே தூக்கிக் கொடுத்து, தேவையில்லாத பக்கங்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டார். இணையச் சேவைகள் பல செய்வது அந்த இரண்டாவது காரியத்தையே.

இது நாமாகக் கற்பித்துக்கொண்ட அச்சமன்று. மென்பொருட் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, ஏ.பி.ஐ.களின் முதன்மையான பத்து ஆபத்துகளை 2019 இல் பட்டியலிட்டபோது, அளவுக்கு மீறித் தரவுகளை வெளியிடுவதை மூன்றாம் இடத்தில் வைத்தது. 2023 இல் அப்பட்டியல் திருத்தப்பட்டபோதும் அக்குறைபாடு வேறொன்றுடன் இணைக்கப்பட்டு அதே மூன்றாம் இடத்திலேயே நின்றது. உடற்பயிற்சிச் சைக்கிள்களை விற்கும் அமெரிக்க நிறுவனமான பெலோட்டனின் ஏ.பி.ஐ., தமது விபரங்களை மறைத்து வைக்குமாறு கேட்டிருந்த பாவனையாளர்களின் வயதையும் பாலினத்தையும் நிறையையும்கூடக் கேட்டவர்களுக்குக் கொடுத்தமை 2021 மே மாதம் அம்பலமானது.

அண்டை நாட்டின் அனுபவம் இதனிலும் பாரதூரமானது. இந்தியாவின் கோவின் தடுப்பூசிப் பதிவிலுள்ள விபரங்களை, தொலைபேசி இலக்கத்தை மாத்திரம் கொடுத்தால் ஒப்புவிக்கும் டெலிகிராம் இயந்திரமொன்று 2023 ஜூனில் வெளிப்பட்டது. பெயர், பிறந்த விபரம், ஆதார் அல்லது கடவுச்சீட்டு இலக்கம், தடுப்பூசி ஏற்றிய நிலையம் யாவும் அதில் வந்தன. கோவின் தளம் பாதுகாப்பானது என்று இந்திய சுகாதார அமைச்சு அறிவித்தது. இயந்திரம் முன்னரே திருடப்பட்ட தரவுகளைக் கொண்டிருக்கலாம் என்று அரசாங்கத் தரப்பில் கூறப்பட்டது. ஆனால் அமைச்சின் அதே அறிக்கையில், தொலைபேசி இலக்கத்தைக் கொண்டே தரவைப் பகிரும் ஏ.பி.ஐ. ஒன்று நம்பகமான தரப்புகளுக்கென இருப்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. நம்பகமான தரப்பு என்ற சொல்லின் மீது எத்தனை கோடி மக்களின் விபரங்கள் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன என்பதை நமது அதிகாரிகள் சிந்திப்பது நன்று.

எல்லா நாட்டிலும் நடப்பதுதானே என்று நாம் இதனைக் கடந்து செல்ல முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. அப்பட்டியல்கள் தேர்தலுக்காகத் தயாரிக்கப்பட்டவை. 2019 மே மாதத்தில் சிலாபத்தில் முகநூல் பதிவொன்றிலிருந்து மூண்ட வன்செயல் இம்மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவரின் உயிரைப் பறித்தது. அதே ஆண்டு நவம்பர் 16 ஆம் திகதி, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பஸ்கள் தந்திரிமலையில் வழிமறித்துத் தாக்கப்பட்டன. இடம்பெயர்ந்த ஒருவரின் பதிவில் முன்னைய முகவரி என்ற ஒரு வரி எத்தகைய கனத்தைச் சுமக்கின்றது என்பதை இதற்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

பிறிதொன்றையும் கவனிக்க வேண்டும். நமது தேசிய அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமன்று. பழைய ஒன்பதிலக்க முறையில் முதலிரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் பிறந்த நாள். பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டிலக்க முறையில் ஆண்டு நான்கு இலக்கங்களாகிவிட்டது. ஆகவே பிறந்த திகதியையும் பாலினத்தையும் பதிலிலிருந்து நீக்கிவிட்டோம் என்று கூறிக்கொண்டு அடையாள அட்டை இலக்கத்தை அனுப்பும் சேவை, எதையுமே நீக்கவில்லை. பெயரோடு அது சேர்ந்து வந்துவிட்டால் ஆளும் வயதும் தெரிந்துவிடும். இனத்தைப் பெயரே சொல்லிவிடும்.

இதற்கான பரிகாரம் செலவு மிக்கதன்று. விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதை விடுத்து, அனுப்ப வேண்டியவற்றை மட்டும் பட்டியலிட வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாத எதுவும் வெளியே செல்லக்கூடாது. நாளை புதிதாகச் சேர்க்கப்படுவதும் அவ்வாறே உள்ளே நிற்கும். சேவையொன்று புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதன் உண்மையான பதிலைப் பட்டியலுடன் ஒப்பிட்டு, ஒரு சொல் கூடினாலும் வெளியீட்டை நிறுத்தும் சோதனையை இயந்திரமே செய்துவிடும். நிரலாளர்களுக்கு இவை புதியனவல்ல. அரசாங்கம் தனது கேள்விப்பத்திரங்களில் இதனைக் கட்டாய நிபந்தனையாக்குகின்றதா என்பதே வினா. வேலையை மலிவாக முடித்துக் கொடுப்பவருக்கே ஒப்பந்தம் கிடைக்கும் நாட்டில், கேளாத நிபந்தனையை எவரும் தாமாக நிறைவேற்றப் போவதில்லை.

சட்டமும் இல்லாமலில்லை. 2022 இன் 9 ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், இனம், மதம், உடல்நலம் ஆகியவற்றை விசேட வகைத் தரவுகளாகக் கொள்கின்றது. தேவைக்கு அளவான தரவையே கையாள வேண்டும் என்றும் அது பணிக்கின்றது. ஆனால் 2025 மார்ச் 18 ஆம் திகதி நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டன. அதே ஆண்டில் திருத்தச் சட்டமொன்றும் நிறைவேற்றப்பட்டது. சட்டம் தாமதித்தபோதும் சேவைகள் தாமதிக்கவில்லை.

உதவி பெறுவோரின் விபரங்கள் திறந்திருந்தால்தான் முறைகேடு நடைபெறாது என்பாரும் உளர். அஸ்வெசும பெயர்ப்பட்டியல்கள் ஆட்சேபனைக்காகவும் மேன்முறையீட்டுக்காகவும் பகிரங்கப்படுத்தப்பட்டமைக்கு ஒரு நியாயம் உண்டு. ஆயினும் அந்த நியாயம் பெயரோடும் தெரிவோடும் நின்றுவிடுகின்றது. கைம்பெண்ணொருவரின் கணக்கிலக்கமோ அவரது வீட்டிலுள்ள நோயாளியின் விபரமோ தெரிந்தால்தான் அயலவர் ஆட்சேபிக்க முடியும் என்பதில்லை.

இனம், மதம், முன்னைய முகவரி ஆகிய மூன்றும் எந்தெந்த அரச சேவைகளின் பதில்களில் வெளியே செல்கின்றன என்பதை டிஜிட்டல் பொருளாதார அமைச்சும் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் எழுத்தில் வெளியிட வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தவொரு பிரசையும் இதே கேள்வியை முந்தல் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்.