கொல்லைக்கும் ஒரு கெர்கின் கொடி

1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் காலூன்றிப் பின்னர் தமிழகத்திற்கும் ஆந்திரத்திற்கும் பரவிய கெர்கின் எனப்படும் ஊறுகாய் வெள்ளரி, நம் உழவர்களின் உழைப்பால் விளைந்தும், அநேகமாக முழுவதும் அந்நிய தேசங்களுக்கே பிரயாணம் செய்வது சிந்திக்கத் தக்க விஷயம். ஏற்றுமதியை நாம் ஆட்சேபிக்க வேண்டியதில்லை. ஆயினும், விதைத்த சுமார் 40 நாட்களில் காய்க்கத் தொடங்கி, நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் படர ஒரு பந்தலுமே பிரதானமாக வேண்டும் இக்கொடி, நம் வீட்டுத் தோட்டங்களில் அபூர்வமாயிருப்பது நியாயமன்று.

இதற்கு வேண்டிய சிரத்தை இரண்டே: மண் காய்ந்தால் காய் கசக்கக் கூடுமாதலால் ஈரம் குன்றாமல் காப்பதும், ஒரு காயை முற்றவிட்டாலும் புதுப் பிஞ்சுகள் குறையுமாதலால், விரலளவிலேயே தினந்தோறும் பறிப்பதும். பறித்த காயைக் கழுவி, அதைக் குழையச் செய்யும் நொதி தங்கிய பூ நுனியைச் சீவி, லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கரைத்த நீரில் முழுவதும் அமிழ்த்தி வைத்தால், சில தினங்களில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதற்கு இதமான புளிப்பை ஊட்டும்.

பிறர் பந்திக்குப் பக்குவமாய் அனுப்பத் தெரிந்த நாம், அந்த ருசியை நம் இலையிலும் பரிமாறிக்கொள்வதே முறை.