சந்து கிடைத்தால்...

மாலை ஏழு மணிக்கு நெமிலிச்சேரியைக் கடந்து வீட்டுக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் விளக்கம் தேவையில்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையும், ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகும் நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடம். அடுத்த ஊரின் பெயர் திருநின்றவூர். அங்கே நின்றவள் திருமகள். இங்கே நிற்பது நாம்.

கார் நிற்கும், லாரி நிற்கும், பஸ் நிற்கும். பைக் மட்டும் நிற்காது. 'சந்துல சிந்து பாடறது' என்பார்களே, அதை நம் ஊர் டூ வீலர்காரர்கள் தினமும் செய்து காட்டுவார்கள். நானும் பாடியவன்தான். பின் சீட்டிலிருந்து "அவன் போறான் பாருங்க, நீங்க ஏன் நிக்கறீங்க?" என்று ஒரு குரல் வந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

போன வாரம் ஒரு பஸ்ஸில் இருந்தேன். நெரிசலில் பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. வயதான ஒரு அம்மா காய்கறிப் பையோடு இறங்கினார். பஸ்ஸுக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு பைக் புகுந்தது. முன்னால் குழந்தை, பின்னால் மனைவி. நல்லவேளை, பையில்தான் இடித்தது. தக்காளி சாலையெல்லாம் உருண்டது.

"பார்த்து இறங்கக் கூடாதாம்மா?" என்றார் அந்தத் தம்பி.

"நான் பஸ்ஸுலேருந்து இறங்கறேன். நீ எங்கேருந்துப்பா வந்தே?" என்றார் அந்த அம்மா.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் சட்டத்தில் பதில் தேடினேன். முந்துவது வலப்பக்கமாகத்தான் என்பது பொது விதி. ஆபத்தாக முந்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு பாயும். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. ஆனால் நிற்கிற வண்டிகளுக்கு நடுவே பைக் எந்த வேகத்தில், எந்தப் பக்கம் போகலாம் என்று தனியாக ஒரு வரையறை இல்லை. எல்லோரும் தினமும் செய்கிற காரியத்துக்கு ஒழுங்குமுறை இல்லை.

ஐரோப்பாவில் இதற்கு நாட்டுக்கு ஒரு நியாயம். ஜெர்மனியில் கூடவே கூடாது; கார் நின்றால் பைக்கும் பின்னால் நிற்க வேண்டும். அங்கே நெடுஞ்சாலையில் நெரிசல் என்றாலே வண்டிகள் இரு பக்கமும் ஒதுங்கி நடுவில் வழி விட வேண்டும். அந்த வழி ஆம்புலன்ஸுக்கு, பைக்குக்கு அல்ல. பிரிட்டனில் போகலாம், ஆனால் கவனமாக, குறைந்த வேகத்தில் என்கிறது அவர்களுடைய சாலை விதி நூல். பெல்ஜியம் 2011-ல் அனுமதித்தது. மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் கூடாது. பக்கத்து வண்டியைவிட 20 கி.மீ.க்கு மேல் வேகம் கூடவும் கூடாது.

பிரான்ஸ் 2016 முதல் சில பகுதிகளில் சோதித்துப் பார்த்து, 2025 ஜனவரியில்தான் நாடு முழுக்க அனுமதித்தது. அதுவும் நடுவே தடுப்பு உள்ள, ஒவ்வொரு திசையிலும் இரண்டு தடமாவது இருக்கிற பெரிய சாலைகளில் மட்டும். வேகம் 50, பக்கத்து வரிசை நின்றுவிட்டால் 30. வண்டியின் அகலம் ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். சந்துக்குள் போகிற இன்னொரு பைக்கை முந்தக் கூடாது.

இவ்வளவு கணக்கு எதற்கு? கலிஃபோர்னியாவில் விபத்தில் சிக்கிய கிட்டத்தட்ட 6,000 பைக் ஓட்டிகளைப் பற்றி பெர்க்லி பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. சந்தில் போவது மட்டுமே ஆபத்து இல்லை, பக்கத்து வண்டியைவிட 24 கி.மீ.க்கு மேல் வேகமாகப் போவதுதான் காயத்தைக் கூட்டுகிறது என்பது அதன் சாரம்.

நம் சாலையிலேயே கணக்குப் போடுவோம். ஒரு தடம் 3.5 மீட்டர். பஸ் சுமார் 2.6, கார் 1.7. இரண்டும் தத்தம் தடத்தின் நடுவில் நின்றால் இடையில் மிஞ்சுவது 1.35 மீட்டர். பைக் ஹேண்டில் 80 சென்டிமீட்டர் என்றால், இரு பக்கமும் ஒரு சாணும் கொசுறும்தான். 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போய்விடுவோம், கிட்டத்தட்ட ஒரு பஸ் நீளம். கார் கதவு திறக்க அரை நொடி போதும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது பழமொழி. இங்கே சறுக்கினால் முழத்தோடு நிற்காது.

இதில் பிரான்ஸ்காரர்களுக்குத் தோன்றாத ஒரு கணக்கும் உண்டு. நம் பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் முழங்கால், ஹேண்டிலைத் தாண்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதோடு ஸ்கூல் பை, தண்ணீர் கேன். ஓட்டுகிறவர் அளப்பது ஹேண்டிலை; இடிபடுவது பின்னால் இருப்பவர்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் வந்தவர்கள்.

அதற்காக ஜெர்மனி மாதிரி எல்லா பைக்கும் காருக்குப் பின்னால் நின்றால், வரிசை ஆவடி வரைக்கும் போகும். அது நடக்காது. நமக்கு நாமே மூன்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடப்பக்கம் புகுவதில்லை. ஓட்டுநருக்கு நாம் தெரியவே மாட்டோம். பக்கத்து வண்டி நின்றிருந்தால், தேவைப்பட்டால் காலை ஊன்றிக்கொள்ளும் வேகம்தான். வண்டிகள் நகரத் தொடங்கியதும் சந்தை விட்டு வரிசைக்குத் திரும்பிவிடுவது. கார்காரர்களுக்கும் ஒன்று: கதவைத் திறக்கும் முன் கண்ணாடியை ஒரு தடவை பாருங்கள்.

அன்று அந்தத் தம்பி வண்டியை ஓரம் கட்டி, தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர் மனைவி இறங்கி நின்று, முன்னால் இருந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். சிக்னல் விழுந்த பிறகும் அவர் உடனே வண்டியில் ஏறவில்லை.